அமெரிக்கக் காடுகளில் இலவசக் கூடாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் தேசியக் காடுகளில், கேம்ப்கிரவுண்டு எனப்படும் முகாம் திடல்களுக்கு வெளியேயும் பல இடங்களில் கட்டணமோ முன்பதிவோ இல்லாமல் கூடாரம் அடிக்கலாம். இதை ‘டிஸ்பெர்ஸ்டு கேம்ப்பிங்’ என்பார்கள். கழிப்பறை, குடிநீர், குப்பைத் தொட்டி எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

நேஷனல் பார்க்கும் நேஷனல் ஃபாரஸ்ட்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் முதலிலேயே சறுக்குகிறார்கள். கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் காரை ஓரங்கட்டித் தூங்க முடியாது. தெற்கு வாசலைத் தாண்டி வெளியே வந்தால், டுசாயான் ஊரை ஒட்டிய கைபாப் தேசியக் காட்டில் தங்கலாம். பூங்கா உள்துறையின் கையில். காடு வேளாண் துறையின் கீழுள்ள வனத்துறையின் கையில்.

பெரிய தவறு, முகாமிடங்களைக் காட்டும் செயலியில் யாரோ கொடுத்த ஐந்து நட்சத்திரத்தை நம்பிப் புறப்படுவது. போன வருடம் திறந்திருந்த பாதை இந்த வருடம் மூடியிருக்கலாம். அரிசோனாவில் செடோனா ஊரைச் சுற்றிய கொக்கோனினோ தேசியக் காட்டில், கூட்டம் பெருகியதால் பல மண்சாலைகளில் இஷ்டப்படி தங்குவதற்குத் தடை வந்துவிட்டது.

நம்ப வேண்டியது வனத்துறை இலவசமாக வெளியிடும் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை. எம்.வி.யு.எம். (மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்) என்று கேட்டால் ரேஞ்சர் அலுவலகத்தில் தருவார்கள். பார்க்க அழகாக இருக்காது. மலையும் தெரியாது, காட்சிமுனையும் தெரியாது. ஆனால் சட்டம் அதில்தான் இருக்கிறது: அதில் இல்லாத சாலையில் வண்டி போகக் கூடாது, ‘பலகை எதுவும் இல்லையே’ என்ற வாதம் எடுபடாது. சில சாலைகளின் ஓரமாகச் சிறு புள்ளிகள் வரிசையாக ஓடும். அங்கே குறிப்பிட்ட தூரம் வரை வண்டியைச் சாலையிலிருந்து இறக்கி முகாமிடலாம். அந்தத் தூரம் காட்டுக்குக் காடு மாறும். வரைபடக் குறிப்பைப் படித்தே ஆகவேண்டும். எந்தச் சாலை எந்தத் தேதிவரை திறந்திருக்கும் என்ற அட்டவணையும் அதிலேயே உண்டு. வீட்டிலேயே போனில் இறக்கி வையுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. காட்டு எல்லைக்குள்ளேயே தனியார் நிலங்களும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இருட்டிய பிறகு இடம் தேடுவது வீண் வம்பு. மழையில் ஊறிய மண்சாலையில் சக்கரம் புதைந்தால், இழுவை வண்டிக்கான செலவில் நல்ல ஹோட்டலிலேயே தங்கியிருக்கலாம். புதிதாகப் புல்லை மிதித்து இடம் உண்டாக்காமல், ஏற்கெனவே பலர் தங்கிய வெற்றுத் தரையாகப் பாருங்கள். ஓடைக்கரை ஆசை காட்டும். 200 அடி தள்ளியே இருங்கள். மலம் கழிக்கத் தோண்டும் குழிக்கும் அதே தூரம்தான், ஆழம் 6 முதல் 8 அங்குலம். ஒரே இடத்தில் தங்குவதற்குப் பல காடுகளில் 14 நாள்தான் உச்சவரம்பு.

நெருப்பு விஷயத்தில் மட்டும் புறப்படும் நாளன்று ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். கோடையில் தடை திடீரென்று வரும். சில சமயம் கரி அடுப்புக்கும் சேர்த்து. கலிபோர்னியாவின் தேசியக் காடுகளில் கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட அனுமதிச்சீட்டு வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தீயை அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் கையால் தொடும் அளவுக்குக் குளிர்ந்ததா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.