டிம்மரில் எல்.ஈ.டி. துடிக்கிறதா?

கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் எங்களிடம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் சுவிட்ச் ஒன்று இருந்தது. 60 வாட் குண்டு பல்ப் மூன்றைக் கழற்றி 9 வாட் எல்.ஈ.டி. போட்டதுதான் தாமதம், வெளிச்சம் துடிக்கத் தொடங்கியது. சுவிட்சுக்குள் வண்டு ரீங்காரம் வேறு. பல்பில் பிழையில்லை. பழைய டிம்மர் பலவற்றுக்குக் குறைந்தது 40 வாட்டாவது பாரம், அதாவது பல்புகளின் மொத்த வாட், வேண்டும். மூன்றும் சேர்ந்தே 27தான். அதோடு அந்த டிம்மர்கள் மின்சார அலையின் முன்பகுதியை வெட்டுபவை. எல்.ஈ.டி.க்குப் பெரும்பாலும் ஒத்துப்போவது பின்பகுதியை வெட்டும் 'டிரெய்லிங் எட்ஜ்' வகை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அப்படிப் பெயர் சொல்லியே கேளுங்கள். அப்புறம், பல்ப் பெட்டியில் 'டிம்மபிள்' (மங்கலாக்கக்கூடியது) என்று இல்லாவிட்டால் நல்ல டிம்மரும் சரிவராது. பூட்டுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். 230 வோல்ட் அது.