பிச்சி பிச்சி: ஆவியில் வேகும் மரவள்ளி இனிப்பு

பேரைக் கேட்டால் பிச்சிப்பூதான் நினைவுக்கு வரும். பூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிலிப்பைன்ஸில் சாயங்காலப் பலகாரமாகத் தின்னும் மரவள்ளி இனிப்பு இது. கண்ணாடி போல மினுங்கும், வாயில் வைத்தால் அல்வாவுக்கும் ஜெல்லிக்கும் நடுவில் நிற்கும். வாழையிலை விரித்த மூங்கில் தட்டில் அடுக்கி விருந்துகளில் வைப்பார்கள். அந்தத் தட்டுக்கு அங்கே 'பிலாவோ' என்று பெயர்.

கிழங்கு அவர்களுக்கும் வந்தேறிதான். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸ்காரர்கள் வைத்த பெயர் 'கமோதெங் காஹொய்'. கமோதே என்றால் சர்க்கரைவள்ளி, காஹொய் என்றால் மரம். நாமும் மரவள்ளி என்றுதானே சொல்கிறோம்!

தேவையானவை: துருவிப் பிழிந்த மரவள்ளி 2 கப், சர்க்கரை 1 கப், தண்ணீர் 2 கப், ரம்பை இலை (வாசனைக்குப் போடும் பாண்டான் இலை) 4, துருவிய தேங்காய் ஒன்றரை கப், உப்பு ஒரு சிட்டிகை. 'லிஹியா' என்னும் காரநீர் (lye water, மிளகாய்க் காரம் அல்ல) கிடைத்தால் அரை டீஸ்பூன். சமையலுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். இது இனிப்புக்கு மஞ்சள் சாயலும் இழுவையும் தரும். அளவு கூடினால் சோப்பு நெடி அடிக்கும். கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், கொஞ்சம் மெத்தென்று வரும், அவ்வளவுதான்.

1. ரம்பை இலையை முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இலையை எடுத்துவிட்டு, சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்து ஆறவிடுங்கள். கொதியில் தண்ணீர் வற்றியிருந்தால் 2 கப் ஆகும்படி சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. கிழங்கின் பழுப்புத் தோலோடு அதற்கடியில் இருக்கும் தடித்த தோலையும் உரித்துவிட வேண்டும். நீளவாக்கில் பிளந்து நடு நரம்பை எடுத்துவிட்டு, துருவியின் சின்னக் கண்ணில் துருவுங்கள். பெரிய கண் வேண்டாம், நார் நாராகக் கடிபடும். துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து சாற்றைக் கொட்டிவிடுங்கள். பச்சை மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. துருவிப் பிழிந்து நன்றாக வேகவைப்பது ருசிக்காக மட்டுமல்ல. கசக்கும் கிழங்காக இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

3. துருவல், சர்க்கரைத் தண்ணீர், காரநீர் மூன்றையும் கலக்குங்கள். மோர் மாதிரி நீர்க்க இருக்கும். பயந்துபோய் மாவு எதையும் சேர்த்துவிடாதீர்கள், வெந்ததும் தானே இறுகும்.

4. எண்ணெய் தடவிய சின்னக் கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றுங்கள். துருவல் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு கரண்டிக்கும் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். ஓட்டையுள்ள இட்லித் தட்டு சரிப்படாது. கிண்ணம் இல்லையென்றால் ஒரே தட்டில் ஊற்றித் துண்டு போடலாம்.

5. இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு உள்ளே வையுங்கள். மூடியைத் துணியால் சுற்றிவிட்டால் ஆவி நீர் சொட்டாது. மிதமான தீயில் 45 நிமிடம், தட்டில் ஊற்றியிருந்தால் ஒரு மணி நேரம். நடுவில் பானைத் தண்ணீரைப் பாருங்கள், குறைந்திருந்தால் வெந்நீர் விடுங்கள்.

பதம் பார்க்கக் கடிகாரத்தைவிடக் கண்ணை நம்பலாம். ஜவ்வரிசி வெந்தால் வெள்ளை போய்க் கண்ணாடியாகுமே, அதே மாற்றம்தான். ஜவ்வரிசியும் இந்தக் கிழங்கின் மாவுதானே. நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவேண்டும்.

6. இனி அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா இருங்கள். எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். முதல் தடவை ஆசைப்பட்டுச் சூடாகவே கவிழ்த்தேன். பசை மாதிரி கையில் பாதி, கிண்ணத்தில் பாதி. வெளியிலேயே இரண்டு மணி நேரம் முழுசாக ஆறட்டும். பிறகு எண்ணெய் தொட்ட கரண்டியால் ஓரத்தை நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும்.

7. தேங்காயில் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவி, உப்புப் பிசறி ஐந்து நிமிடம் ஆவியில் வையுங்கள். சீக்கிரம் ஊசிப்போகாது. ஆறியதும் இனிப்பை அதில் புரட்டி எடுங்கள்.

இப்போது பலர் தேங்காய்க்குப் பதிலாகச் சீஸ் துருவிப் போடுகிறார்கள். இனிப்போடு அந்த உப்பு நன்றாகத்தான் சேர்கிறது, ஆனாலும் என் ஓட்டு தேங்காய்க்கே. அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகும். அப்படி விறைத்ததை ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் பழையபடி இளகும்.