புற்றுநோய் சிகிச்சையோடு சீன வைத்தியம்: எதை முதலில், எதைக் கடைசியில்

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால் இரண்டு பேச்சு தவறாமல் வரும். ஊரில் கைராசியான சித்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த சின்சே, அதாவது சீன வைத்தியர், ஒருவர் இருக்கிறார், போய்ப் பார் என்று பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி சொல்வார். இங்கே எழுதுவது அந்த இரண்டாவது பேச்சைப் பற்றி. கீமோ நடக்கும்போதோ முடிந்த பிறகோ சீன வைத்தியத்தைச் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் எந்த வரிசையில் போனால் நல்லது என்பதுதான் விஷயம். என் வரிசை இது: முதலில் உடற்பயிற்சி, அடுத்து ஊசி, கடைசியில், அதுவும் மருத்துவமனைக்குத் தெரிந்து மட்டும், மூலிகை. நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம், முதல் நாளே கஷாயப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

போவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள்: எதற்காகப் போகிறோம்? "புற்றுநோய் குணமாக" என்பது பதிலானால் போகாதீர்கள். "குமட்டல் தாங்கவில்லை", "ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது", "ராத்திரி தூக்கமே இல்லை", "மாடிப்படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது" என்று ஒரு தொல்லையைக் குறிப்பாகச் சொல்ல முடிந்தால் போகலாம். கட்டியைக் கவனிக்க அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் இருக்கின்றன. சீன வைத்தியத்துக்கு இங்கே வேலை அந்தச் சிகிச்சைகள் விட்டுப்போகும் தொல்லைகளில்தான். இதை நான் கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு துணை மருத்துவமும் எடுத்துக்கொண்டவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. மூலிகை விஷமாகிவிட்டதா என்று பார்த்தால், அதில்லை. அவர்களில் 7 சதவீதம் பேர் அறுவை சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், மற்றவர்களில் அது வெறும் 0.1 சதவீதம். கீமோவையும் ரேடியேஷனையும் மறுத்தவர்களும் அவர்களில்தான் அதிகம். அப்படி மறுத்ததையும் தள்ளிப்போட்டதையும் கணக்கில் சேர்த்ததும் அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் காணாமல் போனது.

அடுத்த வேலை ஒரு பட்டியல். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் மேஜையில் பரப்பி எழுதுங்கள். மருத்துவமனை மாத்திரைகள், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், ஊரிலிருந்து வந்த சூரணம், மஞ்சள் கேப்ஸ்யூல், யாரோ கொடுத்த காளான் காபி, எல்லாமே. சூப்பில் போடுவதுதானே என்று எதையும் விடாதீர்கள். ஒரு பிரதி புற்றுநோய் மருத்துவருக்கு, ஒன்று சின்சேக்கு. டாக்டர் திட்டுவார் என்று பயந்து பலர் வாயே திறப்பதில்லை. "டாக்டர், இதை எடுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "வேண்டாம்" என்ற ஒரே சொல்தான் வரும். அதற்குப் பதிலாக "இந்தத் தொல்லைக்கு அக்குபங்சர் போகலாம் என்றிருக்கிறேன், என் ரத்த அணு எண்ணிக்கை அதற்குச் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். மருத்துவமனை மருந்தாளுநரையும் கேட்கலாம். மருந்தும் மூலிகையும் மோதுமா என்று தேடிப் பார்க்க அவருக்கு டாக்டரைவிடப் பொறுமையும் நேரமும் இருக்கும்.

சரி, பயிற்சி. தாய் சி, சிகுங் இரண்டும் மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்யும் சீன உடற்பயிற்சிகள், சீன மருத்துவத்தின் பகுதியே, ஆனால் நம்மவர்கள் அதை "பூங்காவில் பாட்டிகள் செய்வது" என்று கடந்துபோய்விடுவார்கள். பெய்ஜிங்கில் குவோ லின் என்ற ஓவியர், தானே கருப்பைப் புற்றுநோயாளி, நடந்துகொண்டே செய்யும் ஒரு சிகுங் முறையை 1970களில் பூங்காக்களில் சொல்லிக்கொடுத்தார். சீனாவில் காலை வேளையில் புற்றுநோயாளிகள் கூட்டமாகச் சேர்ந்து நடக்கும் பழக்கத்துக்கு அவர் ஒரு பெரிய காரணம். அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்ப வேண்டும் என்பதில்லை, கூட்டமாக மெதுவாக நடப்பதை எடுத்துக்கொண்டால் போதும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ, ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவத்துக்கான சங்கத்தோடு சேர்ந்து 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிகிச்சைக் காலச் சோர்வுக்குப் பரிந்துரைக்க வேண்டியவை என்று உடற்பயிற்சியோடு தாய் சி, சிகுங்கையும் சேர்த்திருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு பா துவான் ஜின் என்ற சிகுங் வகை சுலபம், எட்டே அசைவுகள், நின்றுகொண்டே செய்யலாம், முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். சமூக மன்றங்களில் வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாஸ்டர் மாண்டரினில் பேசினாலும் பரவாயில்லை, கையைப் பார்த்துச் செய்வதுதானே. எலும்புக்குப் பரவியிருந்தால் மட்டும் எந்த அசைவு கூடாது என்று பிசியோதெரபிஸ்டிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஊசி, அதாவது அக்குபங்சர். அதைப் பற்றி ஓரளவு நம்பிப் பேச ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் எல்லாத் தொல்லைக்கும் ஒரே அளவில் இல்லை. கீமோ குமட்டலில் அது உதவக்கூடும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 1997லேயே சொன்னது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு வரும் மூட்டுவலியில் 226 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. பத்துக்கு இவ்வளவு என்று போடும் வலிக்கணக்கு, நிஜ ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஆறு வாரத்தில் சுமார் 2 புள்ளி குறைந்தது, பொய் ஊசி போட்டவர்களுக்கும் ஒன்றுமே போடாதவர்களுக்கும் சுமார் 1. பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. ஆனால் வலி தாங்காமல் அந்த மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் நிறைய, அவர்களுக்கு அந்த ஒரு புள்ளியும் பெரிதுதான். தூக்கமின்மையில் கதை கொஞ்சம் வேறு. அக்குபங்சரையும் தூக்கத்துக்கான மனப்பயிற்சிச் சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது இரண்டுமே பலன் தந்தன, மனப்பயிற்சி முந்தியது. ஆகவே தூக்கம்தான் உங்கள் பிரச்சினை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், ஊசி அப்புறம்.

ஊசிப் படுக்கையில் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: அந்த வாரத்து ரத்தப் பரிசோதனை கையில் இருக்கட்டும். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் 50,000க்குக் கீழேயோ, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் 1,000க்குக் கீழேயோ இருந்தால் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் ஊசி வேண்டாம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்து வீங்கியிருக்கும் கையில் ஊசி வேண்டாம். கட்டி இருக்கும் இடத்தில், ரேடியேஷன் பட்டுப் புண்ணான தோலில், கீமோ ஏற்றத் தோலுக்கடியில் வைத்த போர்ட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் இணைத்த ஊசி வேண்டாம். ஊசி புதிதாகப் பிரித்த, ஒரே தடவை பயன்படுத்தும் ஊசிதானா என்று கண்ணால் பாருங்கள், கேட்பதில் கூச்சம் எதற்கு. தோலைக் கிண்ணத்தால் உறிஞ்சி இழுக்கும் கப்பிங்கும், மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் மோக்ஸாவும் கூடவே வரும், "இதையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். கீமோவால் கால் மரத்துப்போனவருக்கு மோக்ஸாச் சூடு உறைக்காது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். பிளேட்லெட் குறைந்தவருக்குக் கப்பிங் வைத்தால் முதுகெல்லாம் ரத்தம் கட்டும். இரண்டையும் மறுத்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊசிக்குப் பயந்தவர்கள் வீட்டிலேயே செய்ய ஒன்று இருக்கிறது. உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, மணிக்கட்டுக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக, நோயாளியின் சொந்த விரலால் மூன்று விரல் அகலம் அளந்தால், நடுவில் ஓடும் இரண்டு தசைநார்க் கயிறுகளுக்கு இடையே இருக்கும் பள்ளம்தான் நெய் குவான் புள்ளி. கட்டைவிரலால் நன்றாக அழுத்தி இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள், கீமோவுக்குக் கிளம்பும் முன்னும், குமட்டும்போதும். அதே இடத்தை அழுத்தும் மணி வைத்த கைப்பட்டைகள் பயணக் குமட்டலுக்கென்று மருந்துக்கடையில் விற்கின்றன. வாந்தி மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் செய்வதல்ல, மாத்திரையோடு சேர்த்து. வீங்கிய கையை விட்டுவிட்டு மற்றதில் அழுத்துங்கள்.

யாரிடம் போவது? சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் சட்டம் 2000இல் வந்தது, பதிவு இல்லாமல் யாரும் தொழில் செய்யக் கூடாது. பதிவானவர் பெயரை, பதிவைக் கவனிக்கும் சீன மருத்துவர்கள் வாரியத்தின் இணையப் பட்டியலில் ஐந்து நிமிடத்தில் தேடிவிடலாம். தோங் சாய் மருத்துவ நிலையம் 1867இல் தொடங்கியது, இனம் மதம் பார்க்காமல் இலவசமாகப் பார்ப்பது அதன் வழக்கம், நம்மவர்களும் தாராளமாகப் போகலாம். மலேசியாவில் 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அக்குபங்சர் உண்டு, சில இடங்களில் புற்றுநோயாளிகளுக்குத் துணையாக மூலிகையும் உண்டு. அங்கே உங்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான், இரண்டு பக்கமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. தனியார் சின்சேயிடம் போவதானால் முதல் நாளில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். "கீமோவை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றாலோ, ஆறு மாதப் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டாலோ, மருந்தில் என்ன இருக்கிறது என்பது பரம்பரை ரகசியம் என்றாலோ, எழுந்து வந்துவிடுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனையை வாங்கிப் பார்க்கிறவர், தன் மருந்துச் சீட்டை மூலிகைப் பெயரோடு எழுதித் தருகிறவர் நல்லவர். ஆங்கில எழுத்திலோ லத்தீன் பெயரிலோ எழுதச் சொல்லுங்கள். சீன எழுத்தை மட்டும் கொண்டுபோனால் மருந்தாளுநருக்குப் பயன்படாது.

இப்போது மூலிகை. பழைய சீன மருந்துப் பெட்டியில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஹார்பினில் 1970களில் ஒரு நாட்டு மருந்தைப் பிரித்துப் பார்த்தபோது ஆர்சனிக்தான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு இன்று உலகமெங்கும் மருத்துவமனையில் ஏற்றுவது அதைத்தான், அமெரிக்க அனுமதி 2000இல் கிடைத்தது. ஆனால் கவனியுங்கள், அது அளந்து, சுத்தம் செய்து, இதயத் துடிப்பை இசிஜியில் பார்த்துக்கொண்டே நரம்பில் ஏற்றும் மருந்தாக மாறிய பிறகுதான் பயன்பட்டது. கடைக் கஷாயத்துக்கு அந்தக் காவல் கிடையாது. மறுபக்கமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கும் மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்துபோய், பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயே வந்தது.

அன்றாடம் கண்ணில் படுபவை இவை. பத்து மூலிகை சூப் பொட்டலம், ஷி சுவான் தா பு என்று விற்பது, அதில் டாங் குய், ஜின்செங், ஹுவாங் சி, நம் அதிமதுரத்தின் இனமான கன் சாவ் எல்லாம் இருக்கும். டாங் குய்யும், டான் ஷென் என்ற இன்னொரு மூலிகையும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு கூடும், ஜின்செங் அதே வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கக்கூடும். அதிமதுரம் தொடர்ந்து போனால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் என்றால் டாங் குய்யைப் பக்கத்திலேயே விடாதீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்து எதிர்ப்புசக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்கு வூ வெய் ஸி என்ற மூலிகை ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். கீமோவில் முடி கொட்டியவர்களிடம் கடைக்காரர் நீட்டுவது ஹெ ஷோ வூ என்ற மூலிகை, முடி கறுக்கும் என்று பெயர் பெற்றது, கல்லீரலைக் கெடுப்பதிலும் பெயர் பெற்றது. கீமோ மருந்துகள் பலவற்றை வெளியேற்றுவதே கல்லீரல்தான் என்று நினைத்துப் பாருங்கள். லிங்சி காளான் காபியில் தெரிந்தவர்கள் கமிஷன் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மூலிகை எடுப்பதென்றால்: கீமோ, இம்யூனோதெரபி, தினசரிப் புற்றுநோய் மாத்திரை ஓடும்போது டாக்டரோ மருந்தாளுநரோ பெயர் பெயராகப் பார்த்துச் சரி என்றால் மட்டும். ஒரே நேரத்தில் ஒரு மருந்து. ஆரம்பிக்கும் முன்னும் சில வாரம் கழித்தும் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் நிறுத்தி, மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல சின்சேக்கள் ஃபா வூ, அதாவது நோயைக் கிளப்பிவிடும் உணவு, என்று ஒரு பட்டியல் தருவார்கள்: கோழி, இறால், நண்டு, சில சமயம் முட்டையும் கூடாது. பத்தியம் என்றால் நம் வீடுகளில் மறுபேச்சே கிடையாது, அம்மாமார்கள் மேலும் நாலு அயிட்டத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். கடைசியில் நோயாளி கஞ்சியும் கீரையுமாக எடை இறங்கிப்போவார். சிகிச்சைக் காலத்தில் புரதம் குறைந்தால் தசை கரையும், அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியதாகும். உணவியல் நிபுணர் கூடாது என்று சொல்லாதவரை முட்டையும் மீனும் கோழியும் தட்டில் இருக்கட்டும், சூடு குளிர்ச்சிக் கணக்கை டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பலன் இருக்கிறதா என்று தெரிய ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் ராத்திரி அந்த ஒரு தொல்லைக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரே எண். அக்குபங்சர் என்றால் ஆறு வாரம் கொடுங்கள், எண் நகரவில்லை என்றால் நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள், "இன்னும் பத்து சிட்டிங்கில் தெரியும்" என்பதற்குத் தலையாட்ட வேண்டாம். கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், உடம்பெல்லாம் அரித்தால், காரணமில்லாமல் ரத்தக்கட்டு தெரிந்தால் மூலிகையை அன்றே நிறுத்தி, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் சின்சேக்கு போன் போடுவது, கஷாயம் வைப்பது எதுவும் வேண்டாம், ராத்திரி இரண்டு மணியானாலும் நேராக அவசரப் பிரிவு.