டர்போ காரில் ஆல்கஹால் இன்ஜெக்‌ஷன்: பிரஷர் ஸ்விட்ச் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்போ அழுத்தித் தள்ளும் காற்றோடு (அந்த அழுத்தம்தான் பூஸ்ட்) தண்ணீர்-மெத்தனால் கலவையைத் தெளித்து எஞ்சினைக் காப்பதுதான் ஆல்கஹால் இன்ஜெக்‌ஷன். சொந்தமாக ஆல்கஹால் இன்ஜெக்‌ஷன் அமைப்பவர்கள் எந்தப் பம்ப், எந்த நாசில் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிரஷர் ஸ்விட்ச் என்று வரும்போது மட்டும் கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடுவார்கள். ஆனால் தண்ணீர்-மெத்தனால் கலவை எஞ்சினுக்குள் எப்போது போகலாம், எப்போது போகக்கூடாது என்று முடிவு செய்வது அந்தச் சின்னப் பொருள்தான். பூஸ்ட் ஏறியும் திரவம் வரவில்லை என்றால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வந்து பிஸ்டன் போகலாம். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது திரவம் கொட்டினாலோ எஞ்சின் திணறி அணையும். சிலிண்டரில் தேங்கிய திரவத்தோடு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகலாம்.

ஸ்விட்ச் எத்தனை பிஎஸ்ஐ அழுத்தத்தில் 'ஆன்' ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனையில் 'ஆஃப்' ஆகும், பிரஷரே இல்லாதபோது எந்த நிலையில் இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. கீழே வரும் தவறுகளில் பாதி இந்த இரண்டு கேள்விகளைக் கேட்காததால் நடப்பவை.

ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சை மாட்டுவது

பழைய காரிலிருந்து கழற்றிய ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைப் பார்த்ததும், 'இதுவும் பிரஷர் ஸ்விட்ச்தானே' என்று தோன்றும். ஆனால் அதன் வேலையே வேறு. ஆயில் பிரஷர் இல்லாதபோது டாஷ்போர்டில் விளக்கு எரியவேண்டும். அதனால் பிரஷர் இல்லாத நிலையில் அதன் கான்டாக்ட் சேர்ந்திருக்கும், பிரஷர் ஏறினால் பிரியும். அதை அப்படியே பம்ப் ரிலேக்கு (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) கொடுத்தால், பூஸ்ட் இல்லாத நேரமெல்லாம் பம்ப் ஓடும், பூஸ்ட் வந்ததும் நின்றுவிடும். வேண்டியதற்கு நேர் எதிர்.

நமக்குத் தேவை 'நார்மலி ஓபன்' வகை, அதாவது சும்மா இருக்கும்போது பிரிந்தும் பிரஷர் ஏறினால் சேர்ந்தும் இருப்பது. மூன்று முனை உள்ள ஸ்விட்ச் என்றால் காமன், என்ஓ (நார்மலி ஓபன்) இரண்டையும் எடுத்துக்கொண்டு என்சி (நார்மலி குளோஸ்டு) முனையை விட்டுவிடலாம். இன்னொரு விஷயம்: ஒற்றை முனை ஸ்விட்ச்சுகளுக்கு அவற்றின் உடம்புதான் எர்த். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் சர்க்யூட் முழுமை அடையாது. ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கி, அதுவும் வேலை செய்யாமல் திகைத்தவர்கள் உண்டு.

அளவு பொருந்தாத ஸ்விட்ச்

ஏர் கம்ப்ரெஸர் ஸ்விட்ச் 6 பாரில் ஓட்டி 8 பாரில் நிறுத்தும் வேலைக்கானது. 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, நம் காரின் மொத்த பூஸ்ட்டே ஏறத்தாழ அவ்வளவுதான். வாஷிங் மெஷின் ஸ்விட்ச் அதற்கு எதிர்ப்பக்கம். 30 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் அரை பிஎஸ்ஐகூட வராது, அதற்குள் அது சேர்ந்துவிடும். முழு பூஸ்ட் 15 பிஎஸ்ஐ என்றால் 3 முதல் 15 பிஎஸ்ஐ வரை திருகி மாற்றக்கூடிய ஸ்விட்ச் சரியாக இருக்கும். நாம் வைக்கப்போகும் புள்ளி ஸ்விட்ச்சின் எல்லையை ஒட்டி இல்லாமல் நடுப்பகுதியில் விழுவது நல்லது.

அந்தப் புள்ளி எது? முழு பூஸ்ட்டில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவில் வைப்பது பரவலான வழக்கம். 15 பிஎஸ்ஐ ஓடும் காருக்கு 8 முதல் 10. மிக உயரத்தில் வைத்தால், பம்ப் அழுத்தம் ஏற்றி நாசில் பீய்ச்சத் தொடங்குவதற்குள் நாக்கிங் முந்திக்கொள்ளும். 3 பிஎஸ்ஐயிலேயே திறந்துவிட்டால், முழு பூஸ்ட்டுக்காகத் தேர்ந்த நாசில் அரைகுறைக் காற்றோட்டத்தில் கொட்டும், கார் இருமும். இந்த ஸ்விட்ச்சுக்கு அளந்து கொடுக்கத் தெரியாது, முழுவதும் அல்லது ஒன்றுமில்லை.

ஆன் ஆவதும் ஆஃப் ஆவதும் ஒரே இடத்தில் இல்லை

9 பிஎஸ்ஐயில் சேரும் ஸ்விட்ச் 9-க்குக் கீழே இறங்கியதும் பிரிந்துவிடாது. 7-லோ 5-லோதான் பிரியும். இந்த இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால், பூஸ்ட் 9-ஐச் சுற்றி ஊசலாடும் ஒவ்வொரு முறையும் ரிலே படபடவென்று அடிக்கும், கான்டாக்ட் தீயும். ஆனால் இடைவெளி 5, 6 பிஎஸ்ஐ ஆகிவிட்டால் பூஸ்ட் நன்றாக இறங்கிய பிறகும் தெளிப்பு நிற்காது. என் கணக்கில் 1 முதல் 2 பிஎஸ்ஐ போதும். விவரத்தாளில் இந்த எண் இல்லாத ஸ்விட்ச்சைச் சோதித்துப் பார்க்காமல் காரில் பூட்ட வேண்டாம்.

சோதிப்பது சுலபம். ஒரு டீ-ஜாயின்ட், சைக்கிள் பம்ப், மல்டிமீட்டர், ஒரு கேஜ். கேஜில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 0 முதல் 150 பிஎஸ்ஐ வரை காட்டும் டயர் கேஜில் 8-க்கும் 11-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கண்ணுக்குத் தண்டனை. 30 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜ் வேண்டும். மெதுவாக ஏற்றி, சேரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக இறக்கி, பிரியும் எண்ணையும் குறியுங்கள். ஐந்தாறு முறை செய்தும் எண்கள் மாறிக்கொண்டே இருந்தால் அந்த ஸ்விட்ச் வேண்டாம்.

ஹோஸை எங்கிருந்து எடுப்பது

த்ராட்டிலுக்கு முன்னால், இன்டர்கூலர் பைப்பில் துளை போடுவது சுலபம் என்று அங்கேயே எடுப்பவர்கள் அதிகம். முழு பூஸ்ட்டில் போகும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் என்ன ஆகும்? த்ராட்டில் மூடிவிடும், எஞ்சின் பக்கம் வேக்கும் வந்துவிடும். ஆனால் பைப்பில் அழுத்தம் ஒரு கணம் அப்படியே நிற்கும், இன்னும் ஏறவும் செய்யும். ஸ்விட்ச் அதைப் பூஸ்ட் என்று நம்பித் திரவத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால் த்ராட்டிலுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டிலிருந்துதான் எடுக்கவேண்டும். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஹோஸும் ஆகாது. பூஸ்ட் கன்ட்ரோலர் இருந்தால் அந்த ஹோஸில் வருவது குறைக்கப்பட்ட அழுத்தம்.

மேனிஃபோல்டில் எடுத்தால் ஐடிலில் வேக்குமும் ஸ்விட்ச்சுக்குள் வரும். அதைத் தாங்கும் டயஃப்ரம்தானா என்று பார்த்து வாங்குங்கள். அதே வேக்கும், நாசிலும் த்ராட்டிலுக்குப் பின்னால் இருந்தால், பம்ப் ஓடாமலேயே டாங்கிலிருந்து திரவத்தை உறிஞ்சும். இதற்கு ஸ்விட்ச்சைத் திட்டிப் பயனில்லை. நாசிலுக்கு அருகே, பம்போடு சேர்ந்து திறந்து மூடும் சோலனாய்டு வால்வ் வேண்டும்.

அப்புறம், ஸ்விட்ச்சை எக்ஸாஸ்ட் பக்கம் வைக்காதீர்கள். ஹோஸ் துளை கீழ்நோக்கி இருக்கட்டும், உள்ளே ஈரம் தேங்காது. உடம்பில் சின்னக் காற்றுத் துளை இருந்தால் அதை சிலிக்கான் பூசி அடைக்கக்கூடாது. அந்தத் துளை வழியாகத்தான் ஸ்விட்ச் வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கிறது. அடைத்தால் உள்ளே சிக்கிய காற்று சூடாகி விரிந்து, நீங்கள் வைத்த புள்ளி நகர்ந்துவிடும்.

பம்ப் கரண்ட்டை ஸ்விட்ச் வழியே ஓட்டுவது

ஸ்விட்ச்சில் '250 வோல்ட் 10 ஆம்பியர்' என்று இருந்தால் அது ஏசி கணக்கு. ஏசியில் மின்னோட்டம் நொடிக்குப் பல முறை பூஜ்யத்தைத் தொடுவதால் கான்டாக்ட்டில் எழும் பொறி தானே அணையும். காரின் டிசியில் அப்படி இல்லை. பம்ப் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். கான்டாக்ட் ஒட்டிப்போனால், டாங்க் காலியாகும்வரை பம்ப் நிற்காது. ஸ்விட்ச் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கட்டும், காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, பேட்டரிக்கு அருகே ஒரு ஃபியூஸ். ரிலேக்கு வரும் மின்சாரம் இக்னிஷன் சாவிக்குப் பின்னால் இருந்து வரட்டும்.

திருகு விஷயம் ஒன்று. 1/8 என்பிடி, 1/8 பிஎஸ்பி என்ற இரண்டு குழாய்த் திருகு அளவுகளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முன்னது அங்குலத்துக்கு 27 புரி, பின்னது 28. இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறி, அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரை அழுத்தாதீர்கள்.

பம்புக்குப் பின்னால், திரவக் குழாயில் இரண்டாவது ஸ்விட்ச் ஒன்றும் தேவைப்படும். திரவம் வராவிட்டால் பூஸ்ட்டைக் குறைக்கச் சொல்வது அதன் வேலை. இது புது யோசனை இல்லை. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் தண்ணீர்-மெத்தனால் டாங்க் காலியானால் பூஸ்ட் தானாகக் கட்டுப்படும். இந்த ஸ்விட்ச்சின் சீல் மெத்தனாலிலேயே ஊறும் என்பதால் ஈபிடிஎம் ரப்பர் நல்லது. மேனிஃபோல்ட் பக்கத்து ஸ்விட்ச்சுக்கு அதே ரப்பர் ஆகாது, ஆயில் படலம் பட்டால் உப்பிவிடும். இரண்டையும் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

எல்லாம் பூட்டியதும் டாங்கில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். நாசிலைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, நாசில் இருந்த துளையை அடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். ஐடிலில் ஒரு சொட்டும் வரக்கூடாது. அடுத்து எஞ்சினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, ஸ்விட்ச் ஹோஸில் கைப்பம்பால் அழுத்தம் கொடுங்கள். தெளிப்பு வரவேண்டும், அழுத்தத்தை விட்டதும் நிற்கவேண்டும். மறுபடி அழுத்தம் கொடுத்துச் சாவியைத் திருப்பி அணையுங்கள், அப்போதும் நிற்கவேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மெத்தனால் கேன் மூடியபடியே இருக்கட்டும்.