ஏரிக்கரைச் சிறு நத்தையும் மாட்டின் ஈரலும்: பிரித்தறிந்து தடுக்கும் முறை

கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்ப் பாசன வயல்களிலும் தருமபுரிப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் கால்நடை மேய்ப்பவர்கள், தண்ணீரில் கிடக்கும் நத்தைகளுள் எது தீங்கானது என்று முதலில் பிரித்தறியப் பழக வேண்டும். வாயைத் தட்டு போன்ற மூடியால் அடைத்துக்கொள்ளும், சிலர் சமைத்துண்ணும் பெரிய வயல் நத்தையை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியவை மூடியில்லாத இரண்டு சிறு நத்தைகள். கூரான நுனியும் வலப்பக்கம் அகன்று திறந்த வாயும் மெல்லிய ஓடும் கொண்ட லிம்னியா, கல்லீரல் தட்டைப்புழுவைச் சுமக்கிறது. சுருட்டி வைத்த கயிறு போலத் தட்டையாக இருக்கும் இண்டோபிளானார்பிஸ், இரைப்பைத் தட்டைப்புழுவையும் மாட்டுக்குக் குறட்டை நோய் தரும் இரத்தப்புழுவையும் சுமக்கிறது. இரத்தப்புழுவின் இளம்பருவம் தோலைத் துளைத்தே உட்புகுவதால், அந்த நீரில் இறங்கிய மனிதருக்கும் காலில் அரிப்பு உண்டாகலாம்; ஆகவே வெறுங்கையால் நத்தை பொறுக்க வேண்டாம்.

சாணத்தோடு நீரில் விழும் புழுவின் முட்டை பொரிந்து, அதிலிருந்து வரும் நுண்புழு நத்தைக்குள் நுழைந்து பல மடங்காகப் பெருகிய பின் வெளியேறி, தட்டைப்புழுவாயின் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டின் வாய்க்குக் காத்திருக்கிறது. ஏரி வற்றும்போது கரையோரம் பசேலென்று தழைக்கும் புல்லே மிகவும் ஆபத்தானது. அதில் மேயவிடாமல், தண்ணீரைத் தொட்டியில் இறைத்துக் காட்டுவது நல்லது. நெல் அறுக்கும்போது, புழு ஒட்டியிருக்கக்கூடிய அடித்தாளை வயலிலேயே விட்டு, வைக்கோலை நன்கு காயவைத்துப் போர் போட வேண்டும். நத்தைகள் சேற்றுக்குள் புதைந்து கோடையைத் தாண்டிவிடுவதால், ஏரி வறண்டதை நம்பிவிட முடியாது. நத்தையைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மீனையும் கொல்லும், செம்மறியாட்டுக்கும் நஞ்சு. வாத்துகளை மேயவிடுவது அதைவிட மேல்.

ஈரல் புழு நோயின் அறிகுறியாக, மாட்டின் தாடைக்கடியில் நீர்கோத்துப் பை போலத் தொங்குகிறதா என்று, மேய்ந்து திரும்பும் மாலையில் பாருங்கள். இரவில் அது வடிந்து, காலையில் தெரியாமலும் போகலாம். சாணப் பரிசோதனையில் முட்டை தென்படாவிட்டாலும் நோயில்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் இளம்புழு முட்டையிடுவதில்லை. இளம்புழுவையும் கொல்லும் டிரைக்ளாபெண்டசோல் வேண்டுமா, வளர்ந்த புழுவுக்கான ஆக்சிக்ளோசனைடு போதுமா என்பதையும், கறவை மாடாயின் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்ட பின்னரே மருந்து புகட்டுங்கள்.