குரொய்ட்ஸ்பெர்க்கில் குடியேறுகிறீர்களா? அழைப்புமணிப் பலகையில் அப்பா பெயரை ஒட்டுங்கள்

பெர்லினுக்கு வேலைக்கு வந்து குரொய்ட்ஸ்பெர்க்கில் வீடு பிடித்தவர்களுக்காக எழுதுகிறேன். குடியேறி 14 நாளுக்குள் பூர்கர்ஆம்ட் என்னும் குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டும் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் கையில் இருக்கட்டும். சரி, அது எப்படியும் முடிந்துவிடும். நான் மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகு.

முதலில் இந்தப் பேட்டையின் வீடுகளைப் புரிந்துகொள்ளுங்கள். 1862-இல் ஹோப்ரெக்ட் என்ற பொறியாளர் வகுத்த நகரத் திட்டத்தில் தெருக்கள் அகலம், மனைகள் ஆழம். கட்டியவர்கள் முன்கட்டு, பக்கக்கட்டு, பின்கட்டு என்று நெருக்கிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி திரும்ப முற்றம் 5.34 மீட்டர் இருந்தால் போதும் என்பது அன்றைய விதி. முன்கட்டில் வசதியானவர்கள், பின்கட்டில் தொழிலாளர்கள். 1961-இல் பெர்லின் சுவர் எழுந்ததும் குரொய்ட்ஸ்பெர்க்கின் கிழக்குப் பகுதி மூன்று பக்கமும் அடைபட்டது. வாடகை குறைந்த அந்தப் பின்கட்டுகளுக்குத் துருக்கியத் தொழிலாளர்கள் வந்தார்கள். இன்றும் ஒரே கதவு எண்ணுக்குள் பல கட்டிடங்கள் இருக்கும். உள்ளே வீடுகளுக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது. தபால்காரர் பெயரைத்தான் பார்ப்பார்.

தெரு எண்களும் அப்படித்தான். இங்குள்ள ஒரானியன்ஸ்ட்ராஸே தெருவில் எண் ஒரு பக்கமாகவே ஏறிப்போய், கோடியில் திரும்பி மறுபக்கமாக வரும். 19-க்கு எதிரே 190! பழைய எண், புதிய எண் பார்த்துப் பழகிய நமக்கே தலை சுற்றும். ஒரானியன்புர்கர் ஸ்ட்ராஸே என்பது வேறு, அது நகர மையமான மிட்டேயில் இருக்கிறது.

இப்போது என் கதை. குடிவந்த அன்றே தபால்பெட்டியில் பெயர் ஒட்டினேன். ஆனால் ஒட்டியது ஊரில் எல்லோரும் என்னைக் கூப்பிடும் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் இருப்பதோ அப்பா பெயர். இங்கே தேடுவது அதைத்தான். வரி அடையாள எண் வந்த கடிதம், அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. அந்த எண் இல்லாததால் வேலையில் சேர்ந்த நான்காம் மாதச் சம்பளத்தை, அதிக வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் போட்டார்கள். கிட்டத்தட்டப் பாதி போயிற்று. பணம் பிறகு திரும்பி வந்தது, ஆனால் அந்த மாதம் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்ப முடியவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஆகவே, சாவி வாங்கிய அன்றே பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரையும் தெருக்கதவின் அழைப்புமணிப் பலகை, தபால்பெட்டி இரண்டிலும் ஒட்டிவிடுங்கள். வீட்டுக்காரர் தகடு மாட்டும்வரை காத்திருக்காதீர்கள், துண்டுக் காகிதம் போதும். உள்வாடகை என்றால் முதன்மை வாடகைக்காரரின் பெயரையும் முகவரியில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் தெருக்கதவில், ஒரு துருக்கியப் பெயருக்கும் ஒரு போலந்துப் பெயருக்கும் நடுவில் அப்பாவின் பெயர் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். அதைத்தான் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.