சர்வர் டாக்குமென்ட்ல லிங்க் செத்துப் போகாம பாத்துக்குறது எப்படி

சர்வர் அட்மின் டாக்குமென்ட்ட எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்குறப்ப யாரும் தொறக்குறதில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்டேட் பாதியில நின்னு, ஆன்கால்ல (பிரச்சனை வந்தா கூப்பிடுற டியூட்டில) இருக்குற புதுப் பையனோ பொண்ணோ என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் தொறப்பாங்க, அப்ப "விவரம் இங்க இருக்கு"ன்னு நாம போட்ட லிங்க்ல 404 (பக்கமே இல்லங்குற எர்ரர்) வந்தா அவங்களுக்கு அதுக்கு மேல கேக்க ஆளே இல்ல. அதனாலதான் இந்த வேலைய நான் பெருசா எடுத்துக்குறேன்.

நான் முன்னாடி இருந்த ஒரு எடத்துல நடந்தது இது. சென்ட்ஓஎஸ் 7-ங்குற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30-ஓட சப்போர்ட் முடிஞ்சுது, அப்புறம் அதோட மிரர்லிஸ்ட் (எந்த சர்வர்ல பேக்கேஜ் எடுக்கணும்னு சொல்ற லிஸ்ட்) அட்ரஸையே எடுத்துட்டாங்க, பேக்கேஜ் எல்லாம் பழசு வைக்கிற வால்ட் சர்வருக்குப் போயிருச்சு. எங்க டாக்குமென்ட்ல பழைய அட்ரஸ் பதினோரு எடத்துல இருந்துச்சு, லிங்க் செக்கர் (லிங்க் எல்லாம் தொறக்குதான்னு தானா பாக்குற புரோகிராம்) ஓட்டி எட்ட மாத்தினோம், மூணு விட்டுப்போச்சு. விட்டுப்போன ஒண்ணத்தான் ஒரு நாள் ராத்திரி ஒருத்தர் அப்படியே காப்பி பண்ணி ஓட்டிருக்காரு, யம் (பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) ஹோஸ்ட் பேரே கெடைக்கலன்னு சொல்லவும் சர்வர் பேர ஐபி அட்ரஸா மாத்துற டிஎன்எஸ்-லதான் பிரச்சனைன்னு நெனச்சு ரெண்டு மணி நேரம் ரிசால்வர் செட்டிங்க நோண்டிட்டு இருந்துருக்காரு. டிஎன்எஸ் நல்லாத்தான் இருந்துச்சு, எங்க டாக்குமென்ட்தான் தப்பு.

அந்த மூணு ஏன் விட்டுப்போச்சுன்னா, மூணுமே கோட் பிளாக்குக்குள்ள (கமாண்ட தனியா கட்டம் போட்டுக் காட்டுற எடம்) இருந்துச்சு. இத மொதல்ல கவனிங்க. லைச்சீ மாதிரி செக்கர் எல்லாம் சும்மா ஓட்டினா கோட் பிளாக்க தொடாது, அதையும் பாருன்னு ஆப்ஷன் குடுக்கணும். ஆனா அட்மின் டாக்குமென்ட்ல உயிரான அட்ரஸ் எல்லாம் அங்கதான் இருக்கு, பேக்கேஜ் வச்சுருக்குற ரெப்போ அட்ரஸ், பேக்கேஜ் அசல்தானான்னு பாக்குற ஜிபிஜி கீ, இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எல்லாம். அதே மாதிரி பக்கத்துக்குள்ள ஒரு தலைப்புக்குப் போற ஆங்கர் லிங்க்கும், தனியா ஆப்ஷன் போட்டாத்தான் செக் பண்ணும். கோட் பிளாக்க சேத்தா எக்ஸாம்பிள் டாட் காம்னு உதாரணத்துக்குப் போட்ட அட்ரஸும் சில செக்கர்ல வந்து மாட்டும், அது ஆர்எஃப்சி 2606-ங்குற இன்டர்நெட் ஆவணத்துல டாக்குமென்ட்டுக்குன்னே ஒதுக்குன பேரு, அத எக்ஸ்க்ளூட் லிஸ்ட்ல போட்டுருங்க.

ரிப்போர்ட் வந்ததும் மேலருந்து கீழ வரிசையா போகாதீங்க. ரூட் யூசரா (எல்லா அனுமதியும் உள்ள யூசர்) ஓட்டுற கமாண்ட்ல வர்ற அட்ரஸ மொதல்ல எடுங்க. ஏன்னா ஒரு டொமைன ரினியூ பண்ணாம விட்டா வேற யாரு வேணா வாங்கலாம், அந்தப் பக்கம் 200-தான் (எல்லாம் சரிங்குற கோடு) குடுக்கும், செக்கர் பச்சை காட்டும், நம்ம ஆளு அங்க இருக்குற ஸ்கிரிப்ட கர்ல் கமாண்ட்ல எடுத்து நேரா ஷெல்லுக்கு பைப் பண்ணி ஓட்டிருவாரு. இந்த மாதிரி லிங்க்க மட்டும் மெஷின நம்பாம கண்ணால தொறந்து பாக்கணும், முடிஞ்சா ஸ்கிரிப்ட நம்ம ரெப்போலயே வச்சுக்கிட்டு செக்சம்மையும் (ஃபைல் மாறலன்னு சரிபாக்குற எண்) பக்கத்துல எழுதிருங்க.

சர்வர் பதிலா அனுப்புற மத்த நம்பர் கோடெல்லாம் சுருக்கமா. 301, 308 வந்தா நிரந்தரமா மாறிடுச்சுன்னு அர்த்தம், புது அட்ரஸ போடுங்க. 302, 307 தற்காலிகம், லாகின் பக்கத்துக்கோ மொழி மாத்துறதுக்கோ அனுப்புதான்னு பாத்துட்டு விட்டுருங்க. 403, 429 வந்தா பாதி நேரம் செக்கர பாட்னு (ஆள் இல்ல, புரோகிராம்னு) தடுத்துருப்பாங்க, பிரவுசர்ல தொறந்தா வரும். டைம்அவுட்னா ரெண்டு மூணு நாள் விட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க. எஃப்டிபி (ஃபைல் டவுன்லோட் பண்ற பழைய முறை) லிங்க் ஏதாவது மிச்சம் இருந்தா யோசிக்காம மாத்துங்க, கர்னல் டாட் ஆர்க்-ல எஃப்டிபி 2017 மார்ச்லயே நின்னுருச்சு, டெபியன்ங்குற லினக்ஸ்லயும் அதே வருஷம் நவம்பர்ல நிறுத்திட்டாங்க, 2021-ல ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் எடுத்துட்டாங்க.

301-லயும் ஒரு விஷயம் இருக்கு. சைட்ட புதுசா கட்டுறப்ப பழைய உள்பக்கம் எல்லாத்தையும் மொத்தமா ஹோம் பேஜுக்கு திருப்பி விட்டுருவாங்க, செக்கர் கண்ணுக்கு அது நல்ல லிங்க். அதனால ரீடைரக்ட் ஆகி கடைசில எங்க போய் நிக்குதுன்னு ஒரு லிஸ்ட் எடுத்து சார்ட் பண்ணிப் பாருங்க, நாலஞ்சு வேற வேற லிங்க் ஒரே அட்ரஸ்ல போய் முடிஞ்சா அது அத்தனையும் செத்துப்போச்சு.

இதவிட மோசம் என்னன்னா, லிங்க் வேலை செய்யும், பக்கமும் சரியான பக்கம்தான், ஆனா உள்ள இருக்குறது மாறிருக்கும். டெபியன் மேன்பேஜ் (கமாண்ட் விளக்கம்) சைட்ல "ஸ்டேபிள்"னு போட்ட லிங்க் 2025 ஆகஸ்ட் 9 வரைக்கும் டெபியன் 12 புக்வர்ம காட்டுச்சு, அன்னைக்கு டெபியன் 13 ட்ரிக்ஸி வந்ததும் அதே லிங்க் ட்ரிக்ஸிய காட்ட ஆரம்பிச்சுருச்சு. வேற மெஷின்ல லாகின் பண்ற ஓப்பன்எஸ்எஸ்எச் புக்வர்ம்ல 9.2, ட்ரிக்ஸில 10.0, இந்த 10.0-ல டிஎஸ்ஏங்குற பழைய வகை கீ சப்போர்ட்டே கெடையாது. பழைய சுவிட்ச் ஏதோ ஒண்ணு டிஎஸ்ஏ கீ மட்டும்தான் பேசும்னு வச்சுக்கோங்க, உங்க புக்வர்ம் மெஷினுக்கு எழுதுன டாக்குமென்ட்ல இருந்து லிங்க்க அமுக்கினா அவங்க மெஷின்ல இல்லாத வெர்ஷனப் பத்திப் படிப்பாங்க. அதனால ஒரு வெர்ஷனுக்குன்னு எழுதுன பக்கத்துல புக்வர்ம்னு பேரோட இருக்குற லிங்க்கத்தான் போடணும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டாக்குமென்ட்ல "கரன்ட்"னு வர்றதும் இதே கதைதான். கிட்ஹப்ல ஒரு ஃபைலோட இத்தனாவது வரின்னு லிங்க் குடுத்தா ஒய் கீய ஒரு தடவ அமுக்கிட்டு காப்பி பண்ணுங்க, கமிட் ஹேஷோட (அந்த நேரத்து காப்பியோட அடையாள எண்) மாறாத பெர்மாலிங்க் வரும், இல்லன்னா அடுத்த கமிட்லயே வரி நகந்துரும்.

ஒரே சைட்டுக்கு நெறைய லிங்க் இருந்தா அடிப்படை அட்ரஸ ஒரே எடத்துல வைங்க. ஃப்ரீபிஎஸ்டிங்குற ஓஎஸ்ஸோட ஹேண்ட்புக் ஆஸ்கிடாக்ல (டாக்குமென்ட் எழுதுற ஒரு ஃபார்மட்) இருக்கு, அதுல பொதுவான ஒரு ஃபைல்ல அட்ரஸ எல்லாம் பேர் வச்சு எழுதிட்டு மத்த எடத்துல பேர மட்டும் போடுறாங்க. எங்களுக்கு அப்படி இருந்துருந்தா பதினோரு எடத்துல தேடியிருக்கவே வேணாம்.

செத்த லிங்க்குக்கு புது எடம் கெடைக்கலன்னா வேபேக் மெஷின்ல (பழைய வெப் பக்கத்தோட காப்பி வச்சுருக்குற சைட்) தேடுங்க, அந்த அட்ரஸ்ல நடுவுல 14 இலக்கம் இருக்கும், வருஷத்துல இருந்து செகண்ட் வரைக்கும், நீங்க டாக்குமென்ட் எழுதுன தேதிக்கு பக்கத்துல இருக்குற காப்பிய எடுங்க. புதுசா லிங்க் சேக்குறப்பவே அந்தப் பக்கத்த அங்க சேவ் பண்ணி வச்சுட்டா இன்னும் நல்லது. லாகின் கேக்குற வெண்டர் பக்கம் எல்லாம் அங்க இருக்காது, அதுக்கு ஒரே வழி, பக்கத்தோட தலைப்பு, எந்த வெர்ஷனுக்கு, நாம என்னிக்குப் பாத்தோம், அதுல நமக்கு வேண்டிய கமாண்ட் எது, இத நம்ம வார்த்தைல லிங்க்குப் பக்கத்துலயே எழுதுறது. "இங்க"ன்னு ஒரு வார்த்தைல லிங்க் போட்டுட்டுப் போனா, அது செத்த பிறகு என்னத்த தேடுறதுன்னே தெரியாது.

செக்கர ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டாதீங்க, யாரோ ஒருத்தர் சைட் டவுன்னா உங்க மெர்ஜ் நிக்கும், கடைசில எல்லாரும் அத ஸ்கிப் பண்ணப் பழகிருவாங்க. வாரத்துக்கு ஒரு தடவ கிரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட வைக்கிறது) ஓட்டி ரிசல்ட்ட ஒரு ஆள் பேர்ல டிக்கெட்டாப் போடுங்க. நீங்க வச்சுருக்குற ஓஎஸ்ஸோட புது ரிலீஸ் அன்னிக்கும், சப்போர்ட் முடியுற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியும் தனியா ஒரு தடவ ஓட்டுங்க, அந்தத் தேதிய இப்பவே காலண்டர்ல போட்டு வச்சுருங்க.